சீலிங்கில் சொட்டும் சுடுநீர்: வால்வை அடைப்பதா, தொட்டியை மாற்றுவதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் பெற்றோர் குடியிருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில், குளியலறைக்கு மேலே சீலிங்குக்குள் வைத்திருக்கும் 50 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டரிலிருந்து சில வாரங்களாகத் தண்ணீர் சொட்டுகிறது, சீலிங் பலகையில் பழுப்பு நிற வட்டம் விழுந்துவிட்டது, பார்க்க வந்த ஒருவர், ஹீட்டரின் பாதுகாப்பு வால்வான பித்தளை வால்வின் வாயில் அடைப்பான் ஒன்றைத் திருகிவிட்டால் சொட்டு நின்றுவிடும் என்றார், இன்னொருவர், ஒன்பது வருடத் தொட்டியை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது, முழுவதையும் மாற்றுங்கள் என்றார், இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விடியற்காலையில் அந்தச் சுடுநீரில்தான் வயதான அப்பாவும் அம்மாவும் குளிக்கிறார்கள், சரிசெய்யும்வரை அவர்கள் அதைப் பயன்படுத்தலாமா என்பதே அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். முதலாமவர் சொன்னதை எக்காரணம் கொண்டும் செய்ய விடாதீர்கள். இரண்டாமவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் எதுவும் அதை உறுதிப்படுத்தவில்லை. போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட ஒரு செய்தி, அதாவது ஷவரில் தண்ணீர் வேகம் போதவில்லை என்று தீபாவளிக்கு முன் பம்ப் வைத்தீர்கள் என்பது, என் கண்ணுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

நான் செம்பனை ஆலையின் கொதிகலன் அறையில் தொழில் பழகியவன். செம்பனையின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி எடுக்கும் அந்தக் கொதிகலன்களில், பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று ஆய்வாளர் முன்னிலையில் அமைத்து முத்திரையிட்டுவிட்டால், அதன்பிறகு மேலாளரே வந்து சொன்னாலும் அதில் யாரும் கை வைக்க மாட்டோம். வேலையை விட்ட பிறகு தோட்டப்புற நகர்களில் வீட்டுக் குழாய் வேலையும் ஹீட்டர் வேலையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆலைக் கொதிகலனோடு ஒப்பிட்டால் வீட்டு ஹீட்டர் சிறியதுதான். ஆனால் மூடிய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கினால் என்ன நடக்கும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இன்றே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். குளியலறைக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் சுவிட்சை அணைத்து, மெயின் பெட்டியிலும் அதற்குரிய பிரேக்கரைக் கீழே இறக்கிவிடுங்கள். ஈரம் படர்ந்த சீலிங்கில் விளக்கு இருந்தால் அந்த விளக்கு இணைப்பையும் நிறுத்துங்கள். பலகை தொங்கலாக வீங்கியிருந்தால், மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். ஜிப்சம் பலகை ஊறி ஒரேயடியாக விழுந்துவிடும் என்பதால், கீழே வாளி வைத்துச் சிறிய துளை ஒன்று போட்டுத் தண்ணீரை இறக்கிவிடுவது நல்லது. வீடு பழையதாகி, சீலிங் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் துளையிடவோ உடைக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அந்நிலையில் அந்த அறையைப் பூட்டிவிட்டு ஆளை வரவழையுங்கள். அப்பாவை ஏணியில் ஏற விடாதீர்கள். சீலிங்குக்குள் கால் வைக்கக்கூடிய இடம் மரச் சட்டம் மட்டுமே என்பது பழகியவர்களுக்கே இருட்டில் தடுமாறும் விஷயம்.

அடுத்தது, சொட்டுவது ஹீட்டரின் தண்ணீர்தானா என்பது. இதைக் கேட்டால் சிலர் சலித்துக்கொள்வார்கள், ஆனால் சீலிங்குக்குள் தண்ணீர் வருவதற்கு நம் ஊர் வீடுகளில் பல வழிகள் உண்டு: கூரை ஓட்டு விரிசல், கூரைத் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி நிரம்பி வழிவது, ஏர்கான் வடிகுழாய் அடைத்துக்கொள்வது. பெரும்பாலும் பிற்பகலில் மழை கொட்டும் ஊர் உங்களுடையது. மழை நாளின் மாலையில் மட்டும் வட்டம் பெரிதானால் ஹீட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நீங்களோ காலையில் குளித்து முடித்த பிறகுதான் அதிகம் சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குளித்து முடித்ததும் தொட்டிக்குள் புதுத் தண்ணீர் புகுந்து மறுபடி சூடேறும் நேரம் அது. ஆகவே ஹீட்டரைச் சந்தேகிப்பது சரியே. சீலிங் திறப்பு வழியாகக் கை எட்டுகிற இடத்தில் ஈரம் இருந்தால், அது வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பழகிய ஒருவர் மின்சாரத்தை நிறுத்தியபின் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது வால்வுக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. 50 லிட்டர் தண்ணீரை 28 டிகிரி செல்சியஸிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் கூடுதல் இடம் கேட்கும். பெரிய மினரல் தண்ணீர் போத்தலில் பாதிக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். நம் நாட்டு வீடுகளில் சமையலறைக் குழாய்க்கு மட்டும் நேரடி மெயின் தண்ணீரும், மற்றவற்றுக்குக் கூரைத் தொட்டித் தண்ணீரும் வருவதுதான் வழக்கமான அமைப்பு. உங்கள் ஹீட்டருக்கும் கூரைத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். வழியில் தடை எதுவும் இல்லாதவரை, விரிந்த தண்ணீர் வந்த குழாய் வழியாகவே சிறிதளவு பின்னோக்கிப் போய்த் தொட்டியோடு சமப்பட்டுவிடும். ஒருவருக்கும் தெரியாது, ஒரு சொட்டும் வெளியே வராது. இத்தனை வருடங்கள் உங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்திருக்கும்.

பம்ப் வைத்ததும் அந்தப் பாதை மூடிக்கொள்கிறது. வீட்டு பம்புகளில் தண்ணீர் திரும்பி ஓடாதபடி ஒருவழி வால்வு உள்ளேயே இருக்கும், அல்லது பொருத்துபவர் தனியாக ஒன்றைப் போடுவார். குழாயைத் திறந்தால் முன்னே போகும். மூடினால் பின்னே வராது. இனி ஹீட்டர் சூடாகும்போது விரியும் தண்ணீருக்குப் போக்கிடமில்லை. தண்ணீரை நசுக்க முடியாது என்பதால், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் அந்த நேரத்தில் அழுத்தம் விறுவிறுவென்று ஏறுகிறது. தொட்டி தாங்கும் எல்லைக்குள் அதை நிறுத்துவதற்காகவே அந்தப் பித்தளை வால்வு இருக்கிறது. பல வீட்டு ஹீட்டர்களில் அது 7 அல்லது 8 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் திறக்கும்படி அமைந்திருக்கும். வெப்பநிலையையும் கவனிக்கும் வகை என்றால் 99 டிகிரியிலும் திறக்கும். திறந்து, சிறிது தண்ணீரை வெளியே விட்டு, மூடிக்கொள்ளும். பலர் நினைப்பதுபோல் பம்பின் வேகமே வால்வைத் திறந்துவிடுவதில்லை. கூரைத் தொட்டி ஹீட்டருக்கு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதனால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான், பம்ப் அதை 2 பாருக்கு உயர்த்தினாலும் 7 பார் வால்வுக்கு அது போதாது. திறக்க வைப்பது, போக்கிடமில்லாமல் சூட்டில் விரியும் தண்ணீர். அப்படியானால் அந்தச் சொட்டு ஹீட்டரின் நோயன்று. வால்வு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். குறை என்னவென்றால், வால்வின் வெளியேற்றுக் குழாயைக் கூரை ஓரம்வரை கொண்டுபோய் வெளியே விடாமல், சீலிங்குக்குள்ளேயே முடித்துவிட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விரியும், ஒருவழி வால்வு இருந்தால் அழுத்தம் ஏறும், வால்வு திறக்கும் என்பதெல்லாம் உறுதி. உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்பது வலுவான ஊகம். பம்புக்குப் பிறகு தொடங்கியதும், சூடேறும் நேரத்தில் சொட்டுவதும் அதற்குச் சாதகமாக இருக்கின்றன. ஆனால் 0.3 பாரில் இத்தனை வருடம் அமைதியாக இருந்த ஒரு பழைய இணைப்பு, 2 பார் வந்ததும் வாய் திறப்பதும் அதே காலக்கட்டத்தில் நடக்கக்கூடியதே. இரண்டையும் பிரிப்பதற்குத்தான் நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடைப்பான் போடச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். சொட்டு நிற்க வேண்டும் என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அடைத்தால் சொட்டு நிற்கும் என்பதும் உண்மைதான். அதன்பிறகு ஒவ்வொரு முறை சூடாகும்போதும் அந்த 800 மில்லிலிட்டர் தொட்டியின் சுவரையே தள்ளும். முதலில் எனாமல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பிறகு பற்றுவைப்புத் தையலோ இணைப்போ கசியும். அதோடு நின்றால் நட்டம் பணத்தோடு போயிற்று. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, மிகைச்சூடு தடுப்பும் வேலை செய்யாமல் போனால், தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பியான எலிமென்ட் நிற்காமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அழுத்தத்துக்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 7 பாரில் அது ஏறத்தாழ 170 டிகிரிவரை திரவமாகவே இருக்கும். அந்நிலையில் தொட்டி பிளந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விட்டுப்போய், தண்ணீரின் ஒரு பகுதி அப்படியே நீராவியாக மாறும். 1 லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அது நடப்பது உங்கள் பெற்றோர் குளித்துக்கொண்டிருக்கும் அறையின் தலைக்கு மேலே. தெர்மோஸ்டாட்டும் மிகைச்சூடு தடுப்பும் ஒரே நேரத்தில் பழுதாவது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அரிதான நாளுக்காக வைத்திருக்கும் ஒரே பாதுகாப்பைத்தான் அவர் திருகி மூடச் சொல்கிறார்.

இனி, நேரில் வருபவர் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டு வாங்குங்கள். ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்திய நிலையில், தொட்டியைச் சுற்றியுள்ள எல்லா ஈரத்தையும் துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வோர் இடத்திலும் சுற்றி வைக்க வேண்டும். குளிர்நீர் உள்ளே போகும் இணைப்பு, சுடுநீர் வெளியே வரும் இணைப்பு, வால்வின் வாய், எலிமென்ட் பொருத்திய வட்டத் தகட்டின் விளிம்பு, வடிகால் அடைப்பான் ஆகியவை முக்கியம். சூடாக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், எந்தத் தாள் நனைகிறதோ அதுதான் இடம். இணைப்புகளில் நனைந்தால் வாஷர் மாற்றுவதோடு காரியம் முடிந்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டிய இணைப்பு என்றால் நீண்ட நாளாகவே மெல்லக் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எலிமென்ட் தகட்டில் நனைந்தால் தண்ணீர் கசியாமல் அடைக்கும் காஸ்கெட் போயிருக்கிறது, அதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் மின் இணைப்புகள் அதே மூடிக்குள்தான் இருக்கின்றன. எல்லாத் தாளும் காய்ந்தே இருந்தால், வந்தவர் அங்கேயே இருந்து கவனிக்கும்போது மட்டும், குளியலறையில் யாரும் இல்லாத நிலையில் ஒருமுறை சூடாக்கிப் பார்க்கட்டும். அப்போது வால்வின் வாய் மட்டும் நனைந்தால் நான் மேலே சொன்ன ஊகம் சரி. சூடாக்காதபோதும் வால்வு ஓயாமல் சொட்டினால், அதன் இருக்கையில் மண்துகளோ சுண்ணாம்புப் படிவோ சிக்கியிருக்கலாம். நெம்புகோலைத் தூக்கி ஒருமுறை தண்ணீரைப் பீறிடவிட்டால் சில நேரம் சரியாகும். பழைய வால்வு அப்படித் தூக்கியபின் மூடாமலே அடம்பிடிப்பதும் உண்டு. அதனால் மாற்று வால்வு கையில் இருக்கும்போதுதான் அதைத் தொட வேண்டும். மாற்றும்போதும் பழையதில் பொறித்திருக்கும் அதே அழுத்த அளவுள்ளதைத்தான் போட வேண்டும், அதிகமானதை அல்ல.

தொட்டியை மாற்றியே ஆகவேண்டிய நிலையும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வெளிக்கூட்டின் அடிப்பகுதி மடிப்பிலிருந்து, இணைப்புகள் எல்லாம் காய்ந்திருக்கும்போதே, துருநிறச் சொட்டு வந்துகொண்டிருந்தால் உள்தொட்டி ஓட்டையாகிவிட்டது. வெளிக்கூட்டுக்கும் உள்தொட்டிக்கும் நடுவில் இருக்கும் நுரைக் காப்பு தண்ணீரை இழுத்து வேறோர் இடத்தில் விடும் என்பதால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ணக் கூடாது. இதற்குப் பசையோ பற்றுவைப்போ மருந்தாகாது. அப்படிச் செய்து தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். எனாமல் பூசிய எஃகுத் தொட்டிகளுக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. மாற்றாமலே விட்ட தொட்டிகளைக் கழற்றும்போது, விரல் பருமன் இருந்த அந்தக் கம்பி ஒரு ஈர்க்குச்சி அளவுக்கு மெலிந்து, சில இடங்களில் நடுவிலிருக்கும் இரும்பு இழை மட்டும் துருவோடு மிஞ்சியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அரிப்பு தொட்டியின் மேல்தான் திரும்பும். ஒன்பது வருடத்தில் உங்கள் வீட்டில் யாரும் அதை மாற்றியதாகத் தெரியவில்லை என்பதால், இரண்டாமவர் சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதைத்தான் ஏற்கவில்லை. செம்புத் தொட்டி என்றால் இந்தக் கணக்கே வேறு. பெயர்த் தகட்டையோ விளக்கக் கையேட்டையோ பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதே தகட்டில் தொட்டி தாங்கும் உச்ச அழுத்தமும் எழுதியிருக்கும். உங்கள் பம்பின் உச்ச அழுத்தம் அதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்; பம்ப் வைத்தவர் இதைப் பார்த்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

வால்வுதான் என்று தெரிந்தால் சரிசெய்வது எளிது. வெளியேற்றுக் குழாயைச் செம்புக் குழாயில், வழி முழுவதும் சரிவாக, நடுவில் எந்த மூடு வால்வும் இல்லாமல், வீட்டுக்கு வெளியே கண்ணில் படும் இடத்தில், நடந்து போகிறவர்மேல் வெந்நீர் விழாதபடி கீழ்நோக்கி முடிக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. குழாய் சூட்டில் இளகித் தொய்ந்துவிடும், அதை இங்கே போட விடாதீர்கள். சொட்டவே கூடாது என்று விரும்பினால், பம்புக்கும் ஹீட்டருக்கும் நடுவில், குளிர்நீர்க் குழாயில், ரப்பர் சவ்வு வைத்த சிறிய விரிவுக் கலம் ஒன்றைப் பொருத்தலாம்; விரியும் தண்ணீர் அதற்குள் போய்க் காற்றை அழுத்தும், ஹீட்டர் ஆறும்போது திரும்பும். அதை வைத்தாலும் பாதுகாப்பு வால்வு கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் சிறுநகர்க் கடைகளில் விரிவுக் கலம் உடனே கிடைக்காமல் ஈப்போவரை போக நேரலாம்.

மின்சாரப் பகுதியில் நான் சுருக்கமாக நிறுத்திக்கொள்கிறேன், என் தகுதி கொதிகலனிலும் குழாயிலும்தான். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பு, அதாவது ஆர்.சி.சி.பி., இருக்க வேண்டும். மெயின் பெட்டியில் அந்த எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் 100 மில்லி ஆம்பியர் ஒன்று மட்டும் இருப்பதைக் காணலாம், மின்தாக்குதலிலிருந்து உயிரைக் காக்க அது போதாது. சொட்டத் தொடங்கியதிலிருந்து அந்த ஆர்.சி.சி.பி. தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டிருந்தால், திரும்பத் திரும்ப ஏற்றிவிடாமல், எலிமென்ட்டும் காஸ்கெட்டும் சோதிக்கப்படும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். மின் வேலைக்கு எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவுபெற்ற வயர்மேனையே அழையுங்கள். புது ஹீட்டர் வாங்கும் நிலை வந்தால் சிரிம் (தரச்சான்று) முத்திரை ஒட்டியதை மட்டும் வாங்குங்கள். எந்த வேலைக்குப் பிறகும், சுடுநீர்க் குழாயைத் திறந்து காற்று முழுவதும் போய்த் தண்ணீர் சீராக வந்தபின்தான் சுவிட்சைப் போட வேண்டும்; வெறும் தொட்டியில் எலிமென்ட் எரிந்தால் சில நிமிடங்களில் கருகிவிடும்.

வேலை முடியும்வரை பெற்றோருக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும் என்றால் அடுப்பில் காய்ச்சிக் கொடுங்கள். கொதிக்கும் பானையை அவர்கள் தூக்க வேண்டியிராதபடி, முதலில் குளியலறை வாளியில் பச்சைத் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, வெந்நீரை இளையவர் யாராவது கொண்டுபோய்க் கலக்கட்டும். முடிந்தால் மூன்று படங்கள் எடுத்துப் போடுங்கள்: ஹீட்டரின் பெயர்த் தகடு, எழுத்து தெரியும்படி அந்தப் பித்தளை வால்வு, பம்பும் அதன் இருபக்கக் குழாய்களும். அவற்றைப் பார்த்தால், டிஷ்யூ தாள் சோதனையின் முடிவோடு சேர்த்து, வால்வா இணைப்பா தொட்டியா என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.